வௌவாலுக்கு விடுதலை

பத்திரிகை வாசகர்களுக்கு மிகவும் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. அடியோடு பிடிக்காத வார்த்தையும் ஒன்று உண்டு. பிடித்த வார்த்தை, "தொடரும்". பிடிக்காத வார்த்தை, "முற்றும்".

"தொடரும்" என்று போட்டால், "இப்படியா நட்டாற்றில் விடுவது?" என்று கோபித்துக்கொள்வார்கள். ஆனால், அடுத்த இதழ் வந்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். "முற்றும்" போட்டுவிட்டாலோ, தீர்ந்தது! கதாநாயகியை ஏன் கொன்றீர்கள், கதாநாயகனை ஏன் காசிக்கு அனுப்பினீர்கள், அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்றெல்லாம் கேட்டுத் தபால்காரரின் தோளை ஒடித்துவிடுவார்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள குணம் அல்ல. ஸர் ஆர்தர் கானன் டாயில் 1893-ல் ஷெர்லக் ஹோம்ஸை சுவிட்ஸர்லாந்து தேசத்து அருவி ஒன்றில் தள்ளிவிட்டு, "அப்பாடா!" என்று உட்கார்ந்தார். வாசகர்கள் விட்டார்களா? நச்சரித்து நச்சரித்து, 1903-ல் ஆளை அருவியிலிருந்து கரையேற்றி விட்டார்கள். ஆகையால், ஒரு கதைக்கு "முற்றும்" போடுவது எழுதுகிறவர் கையில் மட்டும் இல்லை. அனுபவிக்கிறவன் மனசும் அதற்குச் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் சொல்ல வந்தது அப்படிப்பட்ட ஒரு "முற்றும்" பற்றித்தான். 2012-ஆம் வருஷம் ஜூலை மாதம் 'தி டார்க் நைட் ரைசஸ்' என்று ஓர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. டைரக்டர் கிறிஸ்டபர் நோலன் எடுத்த மூன்று பேட்மேன் படங்களில் அது கடைசிப் படம். வருஷங்கள் பல ஓடிவிட்டன. இருந்தாலும், அந்த முடிவைப் பற்றி ரசிகர்கள் இரண்டு பேர் பேசத் தொடங்கினால் மூன்று அபிப்பிராயங்கள் கிளம்புகின்றன. என்னுடையது நாலாவது.

கிழமே அடையாதவன்

பேட்மேன் என்ற வௌவால் மனிதன் 1939-ல் அமெரிக்கச் சித்திரக் கதைப் பத்திரிகை ஒன்றில் பிறந்தான். ஓவியர் பாப் கேன், எழுத்தாளர் பில் ஃபிங்கர் ஆகிய இருவரும் அவனைப் படைத்தவர்கள். புரூஸ் வேய்ன் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளையின் கண் முன்னாலேயே, ஒரு சந்தில் வைத்து, அவன் தாய் தகப்பனை ஒரு திருடன் சுட்டுக் கொன்றுவிடுகிறான். பையன் வளர்ந்து பெரியவனாகி, இரவில் வௌவால் வேஷம் போட்டுக்கொண்டு காத்தம் என்ற நகரத்தின் துஷ்டர்களை வேட்டையாடுகிறான். இதுதான் கதை.

மற்ற வீராதி வீரர்களுக்கும் இவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவனுக்குப் பறக்கத் தெரியாது. மந்திரம் தெரியாது. குண்டு பட்டால் ரத்தம் வரும். பணம் இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது, தூக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விசேஷம், இவனுக்கு வயது ஏறுவதே இல்லை. 1939-ல் வாலிபனாக இருந்தவன் இன்றைக்கும் வாலிபன்! நியாயமாகப் பார்த்தால் நூறு வயது தாண்டி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கொள்ளுப் பேரன்களை அதட்டிக்கொண்டிருக்க வேண்டியவன். ஆனால், கறக்கிற பசுவை யார்தான் அவிழ்த்துவிடுவார்கள்? சித்திரக் கதைக் கம்பெனிகளின் அகராதியில் "முற்றும்" என்ற சொல்லே கிடையாது. வாரம் தவறாமல் வில்லன் தப்பித்து வருவான். வாரம் தவறாமல் வௌவால் கிளம்பும்.

நோலன் செய்த துணிச்சலான காரியம் இதுதான்: இந்த மனிதனுக்கு ஓர் ஆரம்பம், ஒரு நடு, ஒரு முடிவு என்று வைத்தார்.

2005-ல் வந்த முதல் படத்தில், பயந்த பையன் பயமுறுத்தும் மனிதனாக ஆன கதையைச் சொன்னார். 2008-ல் வந்த இரண்டாவது படம்தான் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. அதில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வெளியாவதற்கு ஆறு மாதம் முன்பே, தம் 28-ஆவது வயதில் காலமாகிவிட்டார். மறு வருஷம் அவருக்கு ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அந்த இரண்டாவது படத்தின் முடிவு நினைவிருக்கிறதல்லவா? ஊரே தெய்வமாகக் கொண்டாடிய ஹார்வி டென்ட் என்ற அரசாங்க வக்கீல், கடைசியில் கொலைகாரனாக மாறிச் செத்துப்போகிறான். அந்த உண்மை தெரிந்தால் ஜனங்களின் நம்பிக்கை உடைந்துவிடும் என்று, டென்ட் செய்த கொலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான் பேட்மேன். போலீஸ் நாய்கள் துரத்துகின்றன. நல்லவன் ஒருவன் பழி சுமந்து இருட்டில் மறைகிறான். படம் முடிந்துவிட்டது.

முதல் படத்தைப் பார்த்தபோது நான் கல்லூரி மாணவன். அந்த நாய்களின் குரைப்பு காதில் ஒலிக்க, அடுத்த படத்துக்காக நாலு வருஷம் காத்திருந்த கோஷ்டியில் நானும் ஒருவன். தொடர்கதைக்கு ஒரு வாரம் காத்திருப்பதே கஷ்டம். நாலு வருஷம் என்றால் யோசித்துப் பாருங்கள்!

அழுகிய தக்காளி

இப்படிக் காத்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. காத்திருக்கக் காத்திருக்க, ரசிகன் தன் மனசுக்குள் ஒரு படத்தை எடுத்து முடித்துவிடுகிறான். பிறகு கொட்டகைக்குப் போய், டைரக்டர் எடுத்த படத்தைத் தன் படத்தோடு ஒத்திட்டுப் பார்க்கிறான். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் டைரக்டர் பேரில் கோபம்.

கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. அமெரிக்காவில் விமரிசகர்களின் அபிப்பிராயங்களைத் தொகுத்துத் தரும் ஸ்தாபனம் ஒன்றுக்கு 'அழுகிய தக்காளி' என்று பொருள்படும் பெயர். படம் பொதுமக்களுக்குத் திரையிடப்படுவதற்கு முன்பே, "படம் அவ்வளவு சரியில்லை" என்று சில விமரிசகர்கள் எழுதினார்கள். உடனே ரசிகர்கள் அவர்களை வைதார்கள். அடித்து நொறுக்கிவிடுவோம் என்று மிரட்டவும் செய்தார்கள். தொல்லை தாங்காமல் தக்காளிக்காரர்கள், அந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் எழுதுவதையே நிறுத்தி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மிரட்டியவர்கள் அப்போது படத்தைப் பார்த்திருக்கவே முடியாது!

பார்க்காத படத்துக்காகச் சண்டை போடுவது பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அதுவும் ஒரு வகை அன்பு. அன்பில் பல ரகம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் படமே பேசுகிறது என்பது என் கட்சி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ரசிகன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சில ஆட்சேபணைகள்

படம் ஆரம்பிக்கும்போது எட்டு வருஷங்கள் கழிந்துவிட்டன. டென்ட் நல்லவன் என்ற பொய்யின் மேல் நகரத்தில் அமைதி நிலவுகிறது. நம் கதாநாயகன் மாளிகைக்குள் அடைந்து கிடக்கிறான். தாடி, தடிக்கம்பு, நொண்டல் நடை. காதலித்த பெண் செத்துப்போன துக்கம் வேறு. "எட்டு வருஷமா? எங்கள் பேட்மேன் எட்டு நாள்கூடச் சும்மா இருக்க மாட்டானே!" என்பது ரசிகர்களின் முதல் ஆட்சேபணை.

இந்தப் படத்து வில்லனுக்குப் பேன் என்று பெயர். தமிழில் எழுதினால் சிரிப்பு வருகிறது. திரையில் பார்த்தால் வரவில்லை. பேன் சீப்புக்கு மசிகிற பேன் அல்ல இது. டாம் ஹார்டி என்ற நடிகர், வாயையும் மூக்கையும் மூடிய ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு, படம் முழுவதும் கண்களாலேயே நடித்திருக்கிறார். ஆரம்பக் காட்சியை மட்டும் முன்கூட்டியே போட்டுக் காட்டியபோது, அவர் பேசுவது விளங்கவில்லை என்று அமெரிக்கர்களே புகார் செய்தார்கள். நமக்கு விளங்காததில் ஆச்சரியம் இல்லை.

பங்கு மார்க்கெட்டில் பட்டப்பகலில் கொள்ளை நடக்கிறது. கொள்ளைக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள், பேட்மேன் துரத்துகிறான். சில நிமிஷங்களுக்குள் நடு இரவு! காத்தம் நகரத்தில் சூரியன்கூட பேட்மேனுக்குப் பயந்துதான் வேலை செய்கிறது போலிருக்கிறது.

பிறகு, பேன் அவனைத் தூக்கி முழங்காலில் போட்டு முதுகெலும்பை முறிக்கிறான். 1993-ல் சித்திரக் கதையிலேயே நடந்த சம்பவம் இது. முறிந்த மனிதனைத் தூர தேசத்தில், கிணறு போன்ற ஒரு பாதாளச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். அங்கே கைதி ஒருவர் அவனைக் கயிற்றில் தொங்கவிட்டு, முதுகில் ஒரு குத்து விடுகிறார். எலும்பு சரியாகிவிடுகிறது! புத்தூர்க் கட்டுக்காரர்கள்கூட இவ்வளவு சுருக்கமாக வேலையை முடிப்பதில்லை.

சிறையிலிருந்து தப்பியவனுக்குக் கையில் காலணா கிடையாது. பாஸ்போர்ட் கிடையாது. காத்தம் நகரத்தின் பாலங்களை வில்லன் தகர்த்திருக்கிறான்; மிஞ்சியதை ராணுவம் மறித்திருக்கிறது. அப்படியும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறான். வந்தது மட்டுமா? ஊர் வெடிக்கப்போகிற அவசரத்தில், பாலத்தின் மேலே வௌவால் உருவத்தை நெருப்பால் எழுதிக் காட்டுவதற்கும் நேரம் கிடைக்கிறது!

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. இரண்டரை மணி நேரம் நம்மைக் கலக்கிய வில்லனை, செலீனா என்ற பூனைத் திருடி ஒரே வெடியில் தீர்த்துவிடுகிறாள். அதன்பின் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. பேனை நசுக்கியது போலத்தான் ஆயிற்று!

கயிறு

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும் இந்தப் படம் எனக்கு ஏன் பிடித்திருக்கிறது? மூன்று இடங்களுக்காக. மூன்றுமே சண்டைக் காட்சிகள் அல்ல.

முதல் இடம், அந்தக் கிணறு. கைதிகள் யாரும் தப்பிப் போகாதபடி காவல் காக்க அங்கே ஆளே இல்லை. மேலே பார்த்தால் ஆகாயம் தெரிகிறது. ஏறிப் போகிறவன் போகலாம்! ஆனால் ஏற முடியாது. அதுதான் தண்டனை. நம்பிக்கையைக் காட்டிக் காட்டியே மனிதனைக் கொல்வது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை ஏறுகிறான் புரூஸ். இரண்டு தடவையும் விழுகிறான். கண் தெரியாத ஒரு கிழவர் அவனுக்கு யோசனை சொல்கிறார். உனக்குச் சாவைப் பற்றிய பயம் இல்லை. அதைப் பலம் என்று நினைக்கிறாய். அதுதான் உன் பலவீனம் என்கிறார். விழுந்தால் கயிறு தாங்கும் என்று தெரிந்தவன் முழு மூச்சோடு தாவ மாட்டான். கயிறு இல்லாமல் ஏறு என்கிறார்.

ஏறுகிறான். கடைசித் தாவலுக்கு முன்னால், சுவரின் பொந்திலிருந்து வௌவால் கூட்டம் ஒன்று சிறகடித்துப் பறக்கிறது. சுற்றிலும் கைதிகளின் கோஷம். ஹான்ஸ் ஜிம்மரின் இசை நெஞ்சில் முரசு கொட்டுகிறது. வெளியே வந்தால் பாலைவனமும் பளீரென்ற வெயிலும். அந்த இடம் நம் ராஜஸ்தானத்து ஜோத்பூர்தான். பின்னால் தெரிவது மெஹ்ரான்கட் கோட்டை.

முதல் படத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். சிறு பையனாக அவன் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்து, வௌவால்களைப் பார்த்து மிரண்டு கிடந்தபோது, தகப்பனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து தூக்கிப் போனார். மூன்றாவது படத்தில் மறுபடியும் கிணறு, மறுபடியும் வௌவால்கள். இந்தத் தடவை தகப்பனார் இல்லை, கயிறும் இல்லை. தானே ஏறியாக வேண்டும்.

ஏறி முடித்தவன் என்ன செய்கிறான் தெரியுமா? மேலே கிடந்த பெரிய வடத்தை எடுத்து, கீழே இருக்கும் மற்றவர்களுக்காகக் கிணற்றுக்குள் வீசிவிட்டுப் போகிறான். தகப்பனார் தனக்குச் செய்ததைத் தான் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்கிறான். ஏழு வருஷம் கழித்து ஒரு கிணற்றுக்கு இன்னொரு கிணறு பதில் சொல்கிறது. கொட்டகையில் கைதட்டல் எழுந்தது அவன் ஏறியதற்காக. எனக்குத் தொண்டை அடைத்தது அந்த வடத்துக்காக.

வளர்த்தவர்

இரண்டாவது இடம், ஆல்ஃபிரட்.

ஆல்ஃபிரட் அந்த மாளிகையின் வேலைக்காரர். 1943-ல் சித்திரக் கதையில் தமாஷ் பாத்திரமாகச் சேர்ந்தவர். நோலன் படங்களில் அவராக நடித்திருப்பவர் மைக்கேல் கேய்ன். லண்டனில் மீன் சந்தையில் சுமை தூக்கிய தகப்பனாருக்கும், வீட்டு வேலை செய்த தாயாருக்கும் பிறந்தவர். இந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 79.

தாய் தகப்பன் இல்லாத பையனைத் தூக்கி வளர்த்தவர் ஆல்ஃபிரட். எஜமானன் என்று வாயால் சொல்வார். மகன் என்று மனசு சொல்லும். இரவு முழுவதும் அடிபட்டு வருகிறவனுக்குக் காயம் தைப்பார். காலையில் காப்பி கொண்டுவருவார். அப்படிப்பட்டவர் இந்தப் படத்தில், "இனிமேல் என்னால் முடியாது; உன்னைப் புதைப்பதற்காக நான் இருக்க மாட்டேன்" என்ற பொருளில் பேசிவிட்டு வீட்டை விட்டே போய்விடுகிறார்.

போகுமுன் ஒரு ரகசியம் சொல்கிறார். புரூஸ் ஊரை விட்டுப் போயிருந்த வருஷங்களில், அவர் வருஷா வருஷம் லீவு எடுத்துக்கொண்டு இத்தாலி தேசத்து பிளாரன்ஸ் நகரத்துக்குப் போவாராம். அங்கே ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல். அதில் தினம் மாலையில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஓர் ஆசையை நினைத்துக்கொண்டிருப்பாராம். எதிர் மேஜையில் ஒரு நாள் புரூஸ் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் மனைவி, ஒருவேளை குழந்தைகளும். "நான் கிட்டே வரமாட்டேன், நீயும் என்னோடு பேச வேண்டாம். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்." இதுதான் அந்த ஆசை.

யோசித்துப் பாருங்கள். நகரத்துக்கு அவன் வேண்டும். போலீஸ் கமிஷனர் கார்டனுக்கு அவன் வேண்டும். அனாதை ஆசிரமத்தில் வளர்ந்த பிளேக் என்ற இளம் போலீஸ்காரனுக்கு அவன் வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்கோ அவன் இல்லாமல் முடியவே முடியாது. "எழுந்திரு, உடுப்பை மாட்டு, குதி!" என்று எல்லாரும் சேர்ந்து அவனை விரட்டுகிறோம். அவன் அடிபட்டால் விசில் அடிக்கிறோம். "போதும் அப்பா, வந்து சாப்பிடு" என்று சொல்ல ஒரே ஒரு கிழவர்தான் இருக்கிறார்.

இரண்டுமே அன்புதான். ஆனால், ரசிகனின் அன்பு கேட்கிறது. வளர்த்தவரின் அன்பு கொடுக்கிறது. ரசிகனுக்கு வௌவால் வேண்டும். ஆல்ஃபிரடுக்குப் பையன் வேண்டும்.

ஒரு கோட்டு

மூன்றாவது இடம், ஒரு பழைய கோட்டைப் பற்றியது.

நகரத்தை அழிக்கப்போகிற அணுகுண்டைத் தன் விமானத்தில் கட்டிக் கடலுக்கு மேல் கொண்டுபோகப் புறப்படுகிறான் பேட்மேன். "ஊர் யாருக்கு நன்றி சொல்வது? நீ யார்?" என்று கேட்கிறார் கார்டன். பெயரைச் சொல்லாமல் ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கிறான். வீரன் என்பவன் யாராகவும் இருக்கலாம். உலகம் இன்னும் முடிந்துவிடவில்லை என்று தெரிவிப்பதற்காக, ஒரு சிறு பையனின் தோளில் கோட்டைப் போர்த்திவிட்ட மனிதனாகவும் இருக்கலாம் என்கிறான். முதல் படத்தில், தாய் தகப்பனைப் பறிகொடுத்துப் போலீஸ் நிலையத்தில் நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்குக் கோட்டைப் போர்த்திவிட்டவர் சாக்ஷாத் இந்தக் கார்டன்தான். அவர் மறந்தே போயிருப்பார். பையன் மறக்கவில்லை.

இந்தக் காட்சியைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியாது. 2012 ஜூலை 20-ந் தேதி, அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தின் அரோரா நகரத்தில் இந்தப் படத்தின் நள்ளிரவுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முதல் காட்சியையே பார்த்துவிட வேண்டும் என்று தூக்கம் கெட்டு வந்திருந்த ரசிகர்கள் கூட்டம். துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் அவர்களைச் சுட்டான். 12 பேர் செத்துப்போனார்கள். 70 பேர் காயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் ஆறு வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு.

அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். நாம் எந்த ஆவலோடு டிக்கெட் வாங்கினோமோ அதே ஆவலோடு வாங்கியவர்கள். சினிமாக் கொட்டகையே தம் வீடு என்றும், கள்ளங்கபடு இல்லாத அந்த இடத்தில் இப்படி நடந்ததைத் தாங்க முடியவில்லை என்றும் நோலன் அறிக்கை விட்டார். பேட்மேனாக நடித்த கிறிஸ்டியன் பேல், நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயம் பட்டவர்களைப் பார்த்தார். வேஷம் இல்லாமல்தான் போனார்.

அன்று இரவு இறந்தவர்களில், தம்மோடு வந்த பெண்களைக் கீழே தள்ளித் தம் உடம்பால் மறைத்துக்கொண்டு குண்டுகளை வாங்கிய வாலிபர்களும் இருந்தார்கள். அவர்கள் கவசம் அணிந்திருக்கவில்லை. முகமூடி போட்டிருக்கவில்லை. வீரன் யாராகவும் இருக்கலாம் என்று படத்தில் ஒரு பாத்திரம் சொல்லும் நேரம் வருவதற்கு முன்பே, அதைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்குத் திரையில் இருப்பவன் நினைவுக்கு வருவதில்லை.

பிழைத்தானா, இல்லையா?

இனி முடிவுக்கு வருவோம். கடலுக்கு மேலே குண்டு வெடிக்கிறது. நகரம் பிழைக்கிறது. சிலை வைக்கிறார்கள். புரூஸ் வேய்னைத் தாய் தகப்பன் பக்கத்தில் அடக்கம் செய்ததாகச் சின்னச் சடங்கு நடக்கிறது. கல்லறை முன்னால் நின்று, "உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போய்விட்டதே!" என்று எஜமான தம்பதிகளிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறார் ஆல்ஃபிரட். அந்த ஒரு நிமிஷத்தில் மைக்கேல் கேய்ன் மற்ற நடிகர்களை எல்லாம் சாப்பிட்டுவிடுகிறார்.

அந்தச் சடங்கில் கார்டன் வாசிப்பது சார்லஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' நாவலின் கடைசிப் பகுதி. 1859-ல் டிக்கன்ஸ் தாமே நடத்திய வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல் அது. அதில் சிட்னி கார்ட்டன் என்பவன், தான் காதலித்த பெண்ணின் கணவனைத் தப்புவித்துவிட்டு, அவனுக்குப் பதிலாகத் தன் தலையைக் கொடுக்கிறான். இங்கே நோலன் செய்திருக்கும் விநோதம் என்னவென்றால், செத்தவன், பிழைத்தவன் இரண்டு பேரும் ஒரே ஆள். புரூஸ் வேய்ன் வாழவேண்டும் என்று பேட்மேன் தலையைக் கொடுக்கிறான்.

பிறகு ஆல்ஃபிரட் பிளாரன்ஸ் நகரத்து ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். எதிர் மேஜையில் புரூஸ், பக்கத்தில் செலீனா. ஒரு தலையசைப்பு, ஒரு புன்னகை. அவ்வளவுதான்.

"எல்லாம் கிழவரின் கனவு!" என்கிறது ஒரு கட்சி. நான் எதிர்க் கட்சி. ஆதாரங்களைக் கேளுங்கள். அந்த விமானம் தானாகப் பறக்கும் இயந்திரத்தை ஆறு மாதம் முன்னாலேயே புரூஸ் வேய்ன் பழுது பார்த்துவிட்டான் என்று படத்திலேயே சொல்கிறார்கள். வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்தபோது, அவன் தாயாரின் முத்து மாலையைக் காணவில்லை. போலீஸ் மாடியில் உடைந்து கிடந்த வௌவால் விளக்கு புத்தம் புதிதாக நிற்கிறது. பிசாசு வந்தா விளக்கைப் பழுது பார்க்கும்? மேலும், செலீனாவைத் திருடி என்ற அளவில்தான் ஆல்ஃபிரடுக்குத் தெரியும். கனவு காண்கிற எந்தக் கிழவர், முத்து மாலை திருடியவளை மருமகளாகக் கனவு காண்பார்? பேல்கூடப் பின்னால் ஒரு பேட்டியில், அது கனவு இல்லை என்பதே தம் சொந்த அபிப்பிராயம் என்று சொல்லியிருக்கிறார்.

"இருக்கட்டும். செத்திருந்தால் இன்னும் கம்பீரமாக இருந்திருக்குமே!" என்பார் உண்டு. அதுவும் ரசிகனின் அன்புதான் பேசுகிறது. வாழும்போது நமக்காக அடிபடு, முடியும்போது நமக்காகச் செத்துப்போ, நாங்கள் சிலை வைக்கிறோம் என்கிறது அந்த அன்பு. எட்டு வயதில் ஒரு சந்தில் எல்லாவற்றையும் இழந்த பையனுக்கு, ஒரு மாலை வேளை, ஒரு மேஜை, எதிரே ஒரு பெண், கையில் ஒரு கோப்பை என்று கிடைத்தால் நமக்கு என்ன நஷ்டம்? கம்பீரம் குறைந்தால் குறையட்டுமே!

நோலன் ரசிகர்களின் பக்கம் சேராமல் ஆல்ஃபிரடின் பக்கம் சேர்ந்துகொண்டார். அதனால்தான் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அதனால்தான் இன்றைக்கும் அந்த முடிவு பிடித்திருக்கிறது.

பேட்மேன் என்ற பெயர் என்னவோ ஓயவில்லை. 2016-ல் பென் அஃப்லெக் அந்த உடுப்பை மாட்டிக்கொண்டார். 2022-ல் ராபர்ட் பாட்டின்ஸன் மாட்டிக்கொண்டார். சித்திரக் கதையில் அவன் இன்னும் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருக்கிறான். நோலன் படத்திலேயே, கடைசிக் காட்சியில் பிளேக் அந்தக் குகைக்குள் போய் நிற்கிறான். உடுப்புக்கு என்றைக்கும் ஓய்வில்லை. மனிதன் ஒருவனுக்காவது கிடைத்ததே!

ஆல்ஃபிரட் எழுந்துபோய் அந்த மேஜைப் பக்கம் உட்காரவில்லை. சௌக்கியமா என்று விசாரிக்கவில்லை. எங்கே இருக்கிறாய், எப்படித் தப்பினாய், இனிமேல் என்ன உத்தேசம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நமக்கானால் கேட்பதற்கு ஆயிரம் கேள்விகள் இருக்கின்றன. கேட்காமல் இருப்பதற்கு அந்தக் கிழவரிடம்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.